பெரும்பாடு

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அழைப்பிதழில் என் பெயருக்கு நேரே 'சிறப்புரை' என்று மட்டும் அச்சாகியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தலைப்பு விடுபட்டது அச்சகத்தின் பிழையன்று. செயலாளர் தொலைபேசியில் தலைப்பைக் கேட்டார், சொன்னேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு மிக மரியாதையாக, "அம்மா, இது இலக்கிய விழாவாயிற்றே" என்றார். "இலக்கியச் சொல்தான், அகராதியில் பாருங்கள்" என்றேன். பார்த்தாரோ இல்லையோ, தலைப்பில்லாமலே அழைப்பிதழ் வந்து சேர்ந்தது. ஆகவே நானே அறிவித்துக்கொள்கிறேன். என் உரையின் தலைப்பு 'பெரும்பாடு'.

மாதவிடாயின்போது அளவு மிஞ்சி உதிரம் போகும் நோய்க்கு நம் சித்த மருத்துவம் வழங்கிவரும் பெயர் அது. பாடு என்றால் துன்பம். பாடு என்றால் உழைப்பும்தான். இரண்டும் ஒரு சொல்லுக்குள் அடங்கிக் கிடப்பது இந்த நோயைப் பொறுத்தவரை மிகச் சரியாகவே இருக்கிறது. தமிழ் விவிலியம் படித்தவர்களுக்கும் இது பழகிய சொல்லே. பன்னிரண்டு ஆண்டுகள் உதிரப்போக்கால் வருந்தி, கைப்பொருளையெல்லாம் வைத்தியர்களிடம் இழந்து, குணம் காணாமல், கூட்டத்தின் பின்புறமாக வந்து ஆடையின் ஓரத்தைத் தொட்டாளே ஒரு பெண், அவளுடைய நோயை அந்த மொழிபெயர்ப்பு இந்தச் சொல்லால்தான் குறிக்கிறது. பன்னிரண்டு ஆண்டு என்பதை வேறு ஊரார் சும்மா படித்துவிட்டுப் போகலாம். கோடைக்கானல்காரர்களால் அப்படி முடியாது. நமக்கு அது ஒரு குறிஞ்சிக்கும் மறு குறிஞ்சிக்கும் இடைப்பட்ட காலம். 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, இனி 2030 என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். அந்த ஒரு சுற்று முழுவதும் உதிரத்தை இழந்துகொண்டே, யாரிடமும் வாய் திறக்காமல், பூம்பாறையிலும் மன்னவனூரிலும் பூண்டு வயலில் குனிந்து நின்ற பெண்களை நான் அறிவேன்.

வயல் கிடக்கட்டும். இந்த அரங்கத்துக்கே வருகிறேன்.

நம் வட்டத்தில் ஒரு கவிஞர் இருக்கிறார். "பெயரைச் சொல்லாதீர்கள், கதையைச் சொல்லுங்கள்" என்று இசைவு தந்திருக்கிறார். மாதந்தோறும் தவறாமல் வந்துகொண்டிருந்தவர், ஒரு காலத்தில் திடீரென்று வருவதை நிறுத்திவிட்டார். அதற்கு முந்தைய கூட்டத்தில் அவருடைய கவிதையொன்றை இங்கே சிலர் சற்றுக் கடுமையாகவே விமர்சித்திருந்தார்கள். கோபித்துக்கொண்டார் என்று முடிவு கட்டினோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். பெண் மருத்துவராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய நான். ஓராண்டுக்குப் பிறகு, இரவல் வாங்கிய நூலொன்றைத் திருப்பித்தர என் வீட்டுக்கு வந்தார். வாசற்படி ஆறுதான். ஏறி வந்ததும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். உதடு வெளுத்திருந்தது. நகத்தைப் பார்த்தேன், கண்ணிமையை இழுத்துப் பார்த்தேன். இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 6.2 வந்தது. பன்னிரண்டுக்குக் குறையலாகாது என்பது பொது அளவு.

கவிதையின் மீதான விமர்சனத்துக்கும் அவர் வராமல் போனதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை துணி மாற்ற வேண்டியிருந்தது. நம் கூட்டமோ இரண்டரை மணி நேரம் நடக்கும். எழுந்து போகும்போது நாற்காலியில் கறை இருக்குமோ என்ற அச்சம். இந்த அரங்கின் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. பத்தாண்டுகளாகக் கிடையாது. நம்மில் எவரும் அதைப் பேசியதில்லை. கறுப்புச் சேலை உடுத்திக்கொண்டு பின்வரிசையில் அமர்ந்தவர்கள் மட்டும் அறிந்திருந்தார்கள்.

அவருக்கு இருந்தது கருப்பை நார்க்கட்டி. மருத்துவர்கள் பைப்ராய்டு என்கிறார்கள். ஊரில் கர்ப்பப்பைக் கட்டி என்பார்கள். கட்டி என்றதும் புற்றுநோய் என்று நெஞ்சு திடுக்கிடுகிறது. பெரும்பாலும் அது தேவையற்ற அச்சம். கருப்பையின் சுவர் தசையால் ஆனது. அத்தசையின் ஓர் அணு தன் அளவை மறந்து பெருகத் தொடங்கி, நாரும் தசையுமாக உருண்டு திரள்வதே இக்கட்டி. ஐம்பது வயதுக்குள் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குச் சிறிதோ பெரிதோ இது உண்டாகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அவர்களில் பலர் தமக்கு அது இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடிக்கிறார்கள். நார்க்கட்டி என்று கருதி அகற்றியதில் புற்று இருப்பது மிக அரிது. மாதவிடாயை நடத்துகின்ற ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டிரோன் என்னும் இரு சுரப்புகளும்தாம் இதற்கு உணவு. ஆகவேதான் பூப்பெய்துமுன் இது வருவதில்லை. மாதவிடாய் நின்றபின் பெரும்பாலும் சுருங்கிவிடுகிறது.

பாரம் சுமந்ததால் வந்தது, குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டதால் வந்தது, உடற்சூட்டால் வந்தது என்றெல்லாம் கேட்டிருக்கிறேன். எதற்கும் ஆதாரமில்லை. தாய்க்கோ உடன்பிறந்தாளுக்கோ இருந்தால் வரும் வாய்ப்புக் கூடுதல். சிறு வயதில் பூப்பெய்தியவர்களுக்கும், உடற்பருமன் உள்ளவர்களுக்கும், பிள்ளை பெறாதவர்களுக்கும் கூடுதல். அவ்வளவே. அவள் ஏதோ செய்ததனால் வந்தது என்று சொல்ல மாமியாருக்கும் உரிமையில்லை, மருத்துவருக்கும் உரிமையில்லை.

கட்டியின் அளவைக் காட்டிலும் அது இருக்கும் இடமே முக்கியம். இதை நான் நம் ஊர் மண்சுவர் வீட்டை வைத்து விளக்குவது வழக்கம். சுவரின் வெளிப்பக்கம் ஒரு பூசணிக்கொடி படர்ந்து காய்த்துத் தொங்கினாலும் வீட்டுக்குள் இருப்பவருக்குத் தொல்லையில்லை. வழியை அடைத்தால்தான் தெரியும். சுவருக்கு உள்ளேயே ஒரு கல் பருத்துவந்தால் சுவர் பிதுங்கும். அறையின் உட்பக்கம் ஒரு சிறு நெல்லிக்காயளவு புடைத்தாலும் நடக்க இடறும். கருப்பையிலும் அப்படியே. வெளிப்புறத்துக் கட்டி தேங்காயளவு வளர்ந்தும் உதிரப்போக்கு இல்லாதவர்கள் உண்டு. முன்னே சிறுநீர்ப்பையை அழுத்தினால் அடிக்கடி சிறுநீர் பிரியும். பின்னே அழுத்தினால் மலச்சிக்கல், இடுப்பு வலி. உட்குழியில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு கட்டியோ ஆளையே வெளுக்க வைத்துவிடும். உதிரம் போகும் குழாய்களை இறுக்கி மூடுவது கருப்பைத் தசையின் வேலை. நடுவில் கட்டி இருந்தால் அத்தசையால் சரிவர இறுக முடிவதில்லை. கருத்தங்காமற்போவதும், தங்கிய கரு கலைவதும் பெரிதும் இந்த உட்குழிக் கட்டிகளால்தாம்.

'அளவு மிஞ்சி' என்றேனே, அளவு எது? இங்கேதான் மொழி நம்மைக் கைவிடுகிறது. தூரம், விலக்கு, தீட்டு, வெளியே இருக்கிறாள் என்று எத்தனை சொற்கள்! எல்லாம் அவள் எங்கே நிற்க வேண்டும் என்பதைக் குறிக்கின்றனவே தவிர, அவளுக்கு என்ன நேர்கிறது என்பதைக் குறிப்பதாக ஒன்றுமில்லை. "எவ்வளவு போகிறது?" என்று கேட்டால் "எல்லாருக்கும் போல" என்பதே விடை. மற்றவர்களுக்கு எவ்வளவு போகிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? தாயும் சொன்னதில்லை, தமக்கையும் சொன்னதில்லை. தாய்க்கும் கட்டி இருந்திருந்தால் அந்த வீட்டில் பெரும்பாடே இயல்பாகிவிடுகிறது. எனவே நான் வேறு விதமாகக் கேட்கப் பழகினேன். ஒரு மணி நேரத்தில் நாப்கின் நனைந்து, அப்படியே தொடர்ந்து சில மணி நேரம் மாற்ற வேண்டியிருக்கிறதா? இரவில் அதற்காக எழுந்திருக்கிறாயா? பெரிய கட்டிகளாக உறைந்து விழுகிறதா? ஏழு நாளுக்கு மேல் நீடிக்கிறதா? அந்த நாட்களில் பேருந்து ஏறுவதில்லை, திருமணத்துக்குப் போவதில்லை என்று வைத்திருக்கிறாயா? பச்சரிசியோ சாம்பலோ மண்ணோ தின்ன வேண்டும் போலிருக்கிறதா? கடைசிக் கேள்விக்குத்தான் பலர் சட்டென்று நிமிர்ந்து பார்ப்பார்கள். அது இரும்புச் சத்து வற்றிப்போனதன் அடையாளம். பச்சரிசி தின்றால் திருமணத்தன்று மழை பெய்யும் என்று கேலி பேசி அதை நாம் மூடிவைத்திருக்கிறோம்.

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 53 பேர் சோகையுள்ளவர்கள். எல்லாம் நார்க்கட்டியால் வந்ததன்று. உணவுக்குறை, அடுத்தடுத்த பேறு எனக் காரணங்கள் பல. ஆனால் மலையில் வாழும் நமக்கு இதில் தனிச் சிக்கல்கள் இரண்டு உள்ளன. முதலாவது, மூச்சு வாங்குவதை ஏற்றத்தின் மேல் போட்டுவிடுகிறோம். வில்பட்டிச் சரிவில் ஏறினால் யாருக்குத்தான் இரைக்காது? இரண்டாவது, உயரத்தில் வாழ்பவர்களின் உடல், காற்றின் அடர்த்திக் குறைவை ஈடுகட்ட இயல்பாகவே ஹீமோகுளோபினைச் சற்றுக் கூட்டி வைத்துக்கொள்கிறது. 2000 மீட்டருக்கு மேல் இருப்பவர்களுக்கு, கருவியில் வரும் எண்ணிலிருந்து ஒரு கிராமுக்கும் சற்று மேலாகக் கழித்துக்கொண்டே மதிப்பிட வேண்டும் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டி. நம் ஊர் அந்த உயரத்தில்தான் இருக்கிறது. வத்தலக்குண்டில் 12.5 என்பது நலம். கோடைக்கானலிலேயே ஆண்டுக்கணக்கில் இருப்பவளுக்கு அதே 12.5 சோகையாக இருக்கலாம். சமவெளிக்கு வகுத்த அட்டவணையை மலைக்குக் கொண்டுவந்து, "உனக்கு ஒன்றுமில்லை, போ" என்று நானே எத்தனை பேரை அனுப்பியிருக்கிறேனோ!

இன்னொன்றும் உண்டு, தேநீர். குளிருக்கு நாளொன்றுக்கு ஆறு குவளை குடிக்கிறோம். இரும்புச் சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்கினால் பெரும்பகுதி உடலில் சேராமலே போய்விடும். உண்பதற்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விடவேண்டும். எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், மலை ஆரஞ்சு, இவற்றோடு விழுங்கினால் நன்கு சேரும்.

நோயைக் கண்டறிவது கடினமன்று. கைப் பரிசோதனையும் ஒரு ஸ்கேனும் பெரும்பாலும் போதும். ஸ்கேன் சீட்டில் எழுதப்படும் ஒரு தொடரைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். கருப்பை இயல்பில் ஒரு சிறு பேரிக்காயளவு இருக்கும். அது பெருத்திருந்தால், கருவுற்ற கருப்பை எத்தனை வாரத்தில் அந்த அளவு இருக்குமோ அதைச் சொல்லி '16 வார அளவு' என்று எழுதுவது எங்கள் வழக்கம். மலையடிவாரத்தில் நான் பணியாற்றிய காலத்தில், கணவரை இழந்து நான்கு ஆண்டான ஒரு பெண்ணின் சீட்டில் அப்படி எழுதிக் கொடுத்தேன். அவளுடைய மைத்துனர் மகன் பள்ளியில் படிப்பவன். வீட்டில் அவனை வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் காலை அவள் என் அறைக்கு வந்தபோது கன்னத்தில் விரல் தடம் இருந்தது. அன்றிலிருந்து நான் வாரக் கணக்கு எழுதுவதில்லை. சென்டிமீட்டர் எழுதுகிறேன். சொற்களைக் கையாளும் உங்களிடம் இதைச் சொல்லிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

இனி மருத்துவம். தொல்லை தராத கட்டிக்கு மருத்துவமே தேவையில்லை. ஆண்டுக்கொருமுறை பார்த்துக்கொண்டால் போதும். இதைச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். வெறுங்கையோடு அனுப்புகிற மருத்துவர் மீது மதிப்புப் பிறப்பதில்லை. உதிரப்போக்கு உள்ளவர்களுக்கு, அந்த நாட்களில் மட்டும் விழுங்கும் டிரனெக்ஸாமிக் அமில மாத்திரை போக்கைக் குறைக்கும். முன்பு இரத்தக் குழாயில் உறைவு ஏற்பட்டவர்கள் அதை எடுக்கக் கூடாது. கருத்தடை மாத்திரைகள் சிலருக்கு உதவும். லெவோநார்ஜெஸ்ட்ரல் சுரக்கும் சிறு வளையத்தைக் கருப்பைக்குள் வைத்துவிட்டால் ஐந்தாண்டுகள் வரை போக்கு மிகவும் அடங்கும். கட்டி உட்குழியைக் கோணலாக்கியிருந்தால் வளையம் நிலைக்காது. சுரப்பை அடக்கும் மாத ஊசியால் கட்டி சுருங்கும், எலும்பும் தேயும். ஆகவே சில மாதங்கள்தாம், பெரும்பாலும் அறுவைக்கு முன் ஆளைத் தேற்றுவதற்காக. அதே வேலையைச் செய்யும் மாத்திரைகளும், எலும்பைக் காக்கச் சிறிது சுரப்பைச் சேர்த்து, அண்மையில் வந்துள்ளன. நிறுத்தினால் கட்டி மீண்டும் வளரும் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

1995இல் பாரிஸில் ரவினா என்னும் மருத்துவரும் அவர் குழுவினரும் வேறொரு வழியை அறிவித்தார்கள். இரத்தக் குழாய் வழியே மெல்லிய குழலைச் செலுத்தி, கட்டிக்குப் போகும் குழாயில் நுண் துகள்களை விட்டு அடைத்துவிடுவது. ஊட்டமின்றிக் கட்டி வாடிச் சுருங்குகிறது. இனிப் பிள்ளை பெற விரும்புகிறவர்களுக்கு இதை முதலில் சொல்வதில்லை. நம் பெருநகரங்களில் கிடைக்கிறது. ஆனால் மலையில் உள்ளவர்களில் எத்தனை பேரிடம் இப்படியொரு வழி இருப்பதையே சொல்லியிருக்கிறார்கள்?

கட்டியை மட்டும் எடுத்துக் கருப்பையைக் காப்பாற்றும் அறுவை இருக்கிறதே, அதன் வரலாற்றில் ஒரு குடும்பக் கதை உண்டு. விக்டர் பானி என்பவர் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இலண்டனில் புகழ்பெற்றிருந்த பெண்நோய் அறுவை மருத்துவர். அவருடைய மனைவிக்கு இளம் வயதிலேயே நார்க்கட்டியால் உதிரப்போக்கு. அன்றைய வழக்கப்படி கருப்பையை அகற்றிவிட்டார்கள். அவர்களுக்குப் பிள்ளை பிறக்கவே இல்லை. பானி தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கட்டியை மட்டும் அகற்றித் தைக்கும் கலையைச் செம்மைப்படுத்துவதில் செலவிட்டார். இரத்தம் அதிகம் போகாமல் கருப்பைக் குழாய்களைப் பிடித்துக்கொள்ள அவர் வடித்த கிடுக்கி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. ஒரு பெண்ணின் கருப்பையைத் தேவையின்றி அகற்றுவது அவளுக்கு இழைக்கும் தோல்வி என்ற உறுதியோடு அவர் பேசியும் எழுதியும் வந்தார். இன்று அதே அறுவையை வயிற்றில் சிறு துளைகளிட்டும் செய்கிறார்கள். உட்குழிக் கட்டியாக இருந்தால் வெளியே ஒரு கீறலும் இல்லாமல், கருப்பை வாய் வழியாகவே கருவியைச் செலுத்திச் சீவி எடுத்துவிடலாம். துளை வழிச் செய்யும்போது பெரிய கட்டியை வயிற்றுக்குள்ளேயே அரைத்து எடுக்கும் கருவியைப் பற்றி 2014இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. ஒருவேளை உள்ளே புற்று ஒளிந்திருந்தால் அது சிதறிவிடும் என்பது காரணம். அரிதேயானாலும் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை. கட்டியை மட்டும் எடுத்தவர்களுக்குப் புதிதாக வேறு கட்டிகள் முளைக்கலாம் என்பதும் உண்மையே.

நம் கவிஞருக்கு மூன்று கட்டிகள். அவற்றுள் ஒன்று உட்குழியில். என்னிடம் வருமுன் வேறோர் இடத்தில் அவரிடம் சொல்லப்பட்டது இரண்டே வாக்கியம்: "இரண்டு பிள்ளை ஆயிற்றே. திங்கட்கிழமை வாருங்கள், எடுத்துவிடலாம்." அவருக்கு வயது முப்பத்தொன்பது. வேறு வழி உண்டா என்று அவர் கேட்கவில்லை. உண்டு என்று எவரும் சொல்லவுமில்லை. முதலில் இரும்புச் சத்தை நரம்பு வழி ஏற்றினோம். உடல் தேறியபின் மதுரைக்கு அனுப்பினேன்; உட்குழிக் கட்டியை மட்டும் எடுத்தார்கள். மறுநாள் வீடு திரும்பினார். மற்ற இரண்டும் சுவருக்குள் இருக்கின்றன, இருக்கட்டும். ஆண்டுக்கொருமுறை பார்க்கிறோம். ஒன்று சற்று வளர்ந்திருக்கிறது. நாளை என்ன ஆகும் என்று உறுதி கூற இயலாது. ஆனால் கூட்டங்களுக்கு வருகிறார்.

அந்த இரண்டு வாக்கியத்தைச் சொன்னவரை நான் குறை கூற மாட்டேன். அதே வாக்கியத்தை நானும் சொல்லியிருக்கிறேன். என் இளமையில், வரிசை நீண்டிருக்கும் நாளில், "பிள்ளை ஆயிற்றா? எடுத்துவிடலாம்" என்று எத்தனை முறை! எடுத்தபின் முப்பத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி, ஓரிரு ஆண்டில் உடம்பெல்லாம் எரிகிறது, உறக்கமில்லை என்று வந்தாள். கருமுட்டைப் பைகளை விட்டுவைத்தாலும் மாதவிடாய் முடிவின் விளைவுகள் சிலருக்குச் சில ஆண்டுகள் முந்தி வருகின்றன. அவற்றையும் சேர்த்து எடுத்துவிட்டால் எலும்பும் இதயமும் இளமையிலேயே முதுமை காணும். அவளுக்கு நான் சேர்த்தே எடுத்திருந்தேன். ஏன் எடுத்தேன் என்று இன்று என்னால் காரணம் சொல்ல முடியவில்லை. அக்காலத்தில் எடுத்தோம், அவ்வளவுதான்.

இது என் ஒருத்தியின் குறையன்று என்று ஆறுதல் கொள்ளவும் முடியவில்லை. நம் நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 100க்கு ஏறத்தாழ 3 பேர் கருப்பையை இழந்தவர்கள். பக்கத்து ஆந்திரத்திலும் தெலங்கானத்திலும் இது இன்னும் மிகுதி. பெரும்பகுதி தனியார் மருத்துவமனைகளில் நடந்தவை. மராட்டிய மாநிலம் பீட் மாவட்டத்தில், கரும்பு வெட்டப் போகும் பெண்கள் மாதவிடாயால் கூலி இழக்காதிருக்கக் கருப்பையையே அகற்றிக்கொண்ட செய்தி 2019இல் நாட்டை உலுக்கியது. நரேந்திர குப்தா என்னும் மருத்துவர் தொடுத்த பொதுநல வழக்கில், தேவையற்ற கருப்பை அகற்றத்தைத் தடுக்க மைய அரசு வகுத்த நெறிமுறைகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் ஆணையிட்டது.

இவ்வளவும் கேட்டு, கருப்பை அகற்றமே தீது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. கிளாவரைப் பக்கத்துப் பெண் ஒருவர், நாற்பத்தாறு வயது, கட்டிகள் பல, மருந்துக்கு அடங்கவில்லை, இரண்டு முறை இரத்தம் ஏற்றியாயிற்று. எல்லா வழிகளையும் எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "டாக்டரம்மா, எனக்குப் போதும். எடுத்திருங்க" என்றார். எடுத்தோம். ஆறு மாதம் கழித்துப் பூண்டு மூட்டையோடு வந்தார். "இதை மொதல்லயே செஞ்சிருக்கலாமே, ஏன் இழுத்தீங்க?" என்று என்னைத்தான் கடிந்துகொண்டார். நியாயமான கடிதல். திங்கட்கிழமை வாருங்கள் என்பதற்கும் எனக்குப் போதும் என்பதற்கும் இடையே அறுவை ஒன்றுதான். முடிவெடுத்தவர் வேறு.

கருப்பையை அகற்றிய பெண்கள் பலர், "நான் வெறுங்கூடாகிவிட்டேன்" என்று என்னிடம் அழுதிருக்கிறார்கள். இதில் கவிஞர்களுக்கும் பங்கிருக்கிறது என்பது என் குற்றச்சாட்டு. கருவறை, தாய்மையின் கோவில் என்றெல்லாம் பாடிப் பாடி, ஓர் உறுப்பின் மேல் ஒரு பெண்ணின் முழு மதிப்பையும் ஏற்றி வைத்துவிட்டோம். புறநானூற்றில் காவற்பெண்டு என்னும் புலவர், மகன் எங்கே என்று கேட்டவளுக்கு விடை சொல்லும்போது, ஈன்ற தன் வயிற்றைப் புலி தங்கிவிட்டுப் போன மலைக்குகைக்கு ஒப்பிடுகிறார். மலைக்காரியான எனக்கு அந்த உவமை மிகவும் பிடிக்கும். குகையைப் பற்றி அவள் பெருமைப்படுகிறாளே தவிர, குகையே தான் என்று அவள் சொல்லவில்லை.

ஐடா ஸ்கடரை இங்கு நினைக்காமல் இருக்க முடியாது. 1890களில், திண்டிவனத்தில், ஒரே இரவில் மூன்று ஆடவர் ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். மூவர் வீட்டிலும் மனைவி பேறுகால வேதனையில். ஐடாவின் தந்தை மருத்துவர்தாம். ஆனால் ஆண் மருத்துவரைத் தொட விட மாட்டோம், பெண் வேண்டும் என்றார்கள். ஐடா அப்போது மருத்துவம் பயிலாதவர். மூன்று பெண்களும் இறந்தார்கள். அவர் அமெரிக்கா சென்று மருத்துவம் கற்றுத் திரும்பியதும், வேலூரில் 1918இல் பெண்களுக்காக மருத்துவப் பள்ளி தொடங்கியதும் நீங்கள் அறிந்தவை. முதுமையில் அவர் வந்து வாழ்ந்ததும், 1960இல் கண்மூடியதும் நம் கோடைக்கானலில்தான். அவர் வீடு இருந்த பக்கமாக நடக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். பேறுகால ஆபத்துக்காவது கதவைத் தட்ட மூன்று பேர் வந்தார்கள். பெரும்பாட்டுக்கு யாரும் நள்ளிரவில் கதவைத் தட்டுவதில்லை. அது ஓரிரவில் கொல்வதில்லையே.

மலையடிவாரத்தில் இன்று வசதிகளுக்குப் பஞ்சமில்லை. காந்திகிராமத்தில் மருத்துவர் சௌந்தரம் அம்மையார் வழி வளர்ந்த கஸ்தூரிபா மருத்துவமனை, ஒட்டன்சத்திரத்தில் 1955 முதல் இயங்கும் கிறித்துவ ஐக்கிய மருத்துவமனை, மதுரையிலும் தேனியிலும் 2022 முதல் திண்டுக்கல்லிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், தமக்குச் சொல்லப்பட்ட அறுவை அதில் அடங்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்தபின் ஒரு சொட்டு உதிரம் கண்டாலும் உடனே காட்ட வேண்டும். அதை நார்க்கட்டி என்று நினைத்து வீட்டில் இருந்துவிடக் கூடாது. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் போக்கு மாறினால், உட்சவ்வைச் சிறிது எடுத்துச் சோதிக்காமல் யாரும் எதையும் முடிவு செய்யலாகாது.

நேரமாகிவிட்டது என்று செயலாளர் கைக்கடிகாரத்தைத் தொட்டுக் காட்டுகிறார். கவியரங்கம் காத்திருக்கிறது. மேடைக்குப் பின்னாலுள்ள சிறு அறையில் மாலை ஆறு மணி வரை இருப்பேன். பழைய ஸ்கேன் சீட்டு வைத்திருப்பவர்கள் எடுத்து வாருங்கள். மனைவிக்காகக் கேட்க வரும் ஆண்களும் வரலாம். அடுத்த முறை அவரையும் உடன் அழைத்து வரவேண்டும். அந்த அறையை ஒட்டியே கழிப்பறை இருக்கிறது. நேற்று மாலை தச்சரை அழைத்துவந்து தாழ்ப்பாள் போட்டாயிற்று. வட்டத்துக் கணக்கில் முந்நூற்றைம்பது ரூபாய் எழுதிக்கொள்ளுமாறு பொருளாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.